நெயில் கன் சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள்

பிளைவுட்டில் பீடிங் அடித்துக்கொண்டிருக்கும்போது கன் நின்றுவிடுகிறது. ட்ரிகரை அழுத்தினால் சத்தம் வருகிறது, ஆணி வரவில்லை. வேலை தடைப்பட்ட அவசரத்தில் விரல் நேராக, ஆணி வெளிவரும் கன்னின் மூக்குப் பக்கம் போகும். அப்படிப் போகவே கூடாது. காற்று இருக்கும்வரை, சிக்கிய கன்னும் அடிக்கத் தயாராக உள்ள கன்தான்.

வேலை தொடங்கும் முன்

கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். எண்ணெய் தேவைப்படும் கன்னாக இருந்தால், காற்று நுழையும் வாயில் நியூமேடிக் ஆயில் சில சொட்டு விடுங்கள். பெரும்பாலான கன்கள் 70 முதல் 120 பிஎஸ்ஐக்குள் ஓடும். உங்கள் கன்னில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். கழிவுக் கட்டையில் குறைந்த அழுத்தத்தில் அடித்துப் பார்த்து, ஆணித்தலை சரியாகப் படியும்வரை மெல்லக் கூட்டுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள், கன் வெடித்துவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். கணு தட்டினால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும்.

எந்த ட்ரிகர்?

ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி மூக்கு தொடும் இடமெல்லாம் அடிக்கும் கன் ஒரு வகை. ஒவ்வொரு முறையும் மூக்கை அழுத்திய பிறகே ட்ரிகரை இழுக்கவேண்டியது இன்னொரு வகை. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகையில் காயம்படும் அபாயம் இரண்டு மடங்கு என்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வகையையே கேட்டு வாங்குங்கள்.

சிக்கை எடுக்கும் முறை

1. ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே மிஞ்சிய காற்று 'புஸ்' என்று வெளியேறவேண்டும். கன்னில் திறந்த நிப்பிளும், ஹோஸ் முனையில் வால்வு உள்ள கப்ளரும் இருப்பதே சரி. மாற்றிப் பொருத்தியிருந்தால், கழற்றிய பிறகும் ஓர் ஆணி அடிக்கும் அளவுக்குக் காற்று உள்ளே அடைபட்டிருக்கும்.
2. மேகசினில் உள்ள ஆணிகளை முழுவதும் வெளியே எடுங்கள்.
3. மூக்கின் கிளிப்பைத் திறந்து, வளைந்த ஆணியைப் பிளையரால் இழுங்கள். விரலை விடாதீர்கள்.
4. அடிக்கும் பிளேடு கீழே நின்றிருந்தால், ஸ்க்ரூடிரைவரால் மெல்ல மேலே தள்ளுங்கள்.
5. கிளிப்பை மூடி, மூக்கின் சேப்டி தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இறுகினால் அந்தக் கன்னை ஓரம் வையுங்கள்.
6. கன்னை ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஹோஸை மாட்டுங்கள். பிறகு ஆணி ஏற்றி, கழிவுக் கட்டையில் சோதியுங்கள்.

மறுபடி மறுபடி சிக்கினால்

கன்னுக்குப் பொருந்தாத ஆணி, குறைந்த அழுத்தம், எண்ணெய் இல்லாமை, மூக்கில் அடைந்த பசைத்துகள், இவற்றை முதலில் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிளேடு முனை தேய்ந்திருக்கும், மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஆணி உடம்பில் ஆழமாக ஏறிவிட்டால் நீங்களே பிடுங்காதீர்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே வகை ஆணி ஒன்றையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹோஸைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கும் நேரமில்லை என்று யார் அவசரப்படுத்தினாலும் கழற்றிவிட்டே கை வையுங்கள். மேஸ்திரியாக இருந்தால், உங்களிடம் வேலை பழகுகிறவர்களுக்கு ஆணி அடிக்கச் சொல்லித்தரும் முன் இதைச் சொல்லிக்கொடுங்கள்.