காய்ச்சலுக்கு ஒரே ஊசியா?



“காய்ச்சல் ஊசி ஒண்ணு போடுங்கய்யா, நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும்” என்று அடிக்கடி யாராவது வந்து நிற்கிறார்கள். காய்ச்சலுக்கென்று தனி ஊசி கிடையாது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் மருந்து பிடிக்கும்.

டெங்கி, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா எல்லாமே முதல் மூன்று நாள் தலைவலி, உடம்புவலி என்று ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறார்கள். மலேரியாவுக்கு ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தாலும் மறுபடி எடுப்பார்கள். கோபப்படாதீர்கள். குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா, 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த ஒருவரிடம் முதன்முதலில் கண்டது, இன்றும் காட்டோரங்களில் இருக்கிறது. டைபாய்டுக்கு இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். யாரோ கொடுத்த ஆண்டிபயாடிக்கை முன்கூட்டியே விழுங்கியிருந்தால் கிருமி வளராமல் போய்விடும்.

எலிக்காய்ச்சல், எலி மூத்திரம் கலந்த சேறும் தண்ணீரும் காலிலுள்ள காயத்தில் படுவதால் வருவது. அல்லூர் வெட்டியவருக்குக் கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் கண் சிவப்பு என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். கண் மஞ்சளானால், மூத்திரம் குறைந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உண்ணிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்ல எனக்குக் கடமை உண்டு. புல், புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்துப் பத்து நாள் போலக் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாவுக்கு நான் மூன்று நாள் பென்சிலின் போட்டேன். இறங்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி தாதி தொடையிடுக்கில் பொருக்கைக் கண்டுபிடித்தார். இந்தக் கிருமிக்குப் பென்சிலின் கேட்காது, டாக்ஸிசைக்ளின் கேட்கும். இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். “காட்டக் கூச்சமா இருந்துச்சுய்யா” என்றார். நான்தான் கேட்கவே இல்லையே!

ஆகவே பெண்கள் தாதியிடமோ, வீட்டிலுள்ள அக்கா தங்கையிடமோ சொல்லி அக்குள், மார்புக்கடி, இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லாமல், ஒரு மாதத்துக்குள் எந்தக் காட்டில் வேலை, அல்லூரில் இறங்கினீர்களா, என்ன மாத்திரை தின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும். டெங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும். அப்போது விடாத வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், நடுராத்திரியானாலும் என் கதவைத் தட்டுங்கள்.