முதுமைக்குத் துணையாங் கலை

பிறர் துணையை மிகுதியும் வேண்டி நிற்கும் பருவங்கள் குழவிப் பருவமும் முதுமையுமே. குழவிக்குத் தாலாட்டு உண்டு. முதியோர்க்கும் அவரைப் பேணுவோர்க்கும் கலையால் ஆவது யாது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புறநானூற்று 243-ஆம் பாட்டில், கோலூன்றிய முதியவர் ஒருவர், இளமையில் மருதமரக் கிளையினின்று ஆழ்ந்த நீரிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாளை எண்ணி இரங்குகின்றார். அவர் இயற்பெயரை அறியோம். தொடித்தலை விழுத்தண்டினார் என்பது அப்பாட்டின் தொடரால் வந்த பெயர். ஆயினும், இருமலிடையே சில சொல்லே பேசவல்ல அம்முதியவர் உள்ளத்தை நாம் இன்றும் அறிகின்றோம். பாட்டு அவர்க்கு வாயாக நின்றமையே காரணம்.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, 3,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கலை நோயுற்றார்க்கேயன்றி அவரைப் பேணுவோர்க்கும் உதவுமெனக் காட்டுகின்றது. அமெரிக்க நாட்டில் ஆன் பாஸ்டிங் என்னும் அம்மையார் 1998-இல் தொடங்கிய 'டைம்சிலிப்ஸ்' முறையோ, மறதி நோயுற்ற முதியோரை "நினைவிருக்கின்றதா?" என வினவுவதில்லை, ஒரு படத்தைக் காட்டி, விரும்பியவாறு கதை புனையச் சொல்லும். பிழையான விடை என்பதொன்று இன்மையின், அவர் நாணித் தலைகவிழ வேண்டுவதில்லை.

இதன் உண்மையைக் கல்லாவியில் எம் இல்லத்திலேயே கண்டோம். எம் பாட்டியார் மறதி நோயுற்றவர். உறவினர் வந்து, எம் அன்னையாரைச் சுட்டி, "இவள் யார், சொல்லுங்கள்" என்று கேட்குந்தோறும் பாட்டியார் வாடுவார்; அவர்கள் சென்றபின் அன்னையார் தனியே கண்ணீர் விடுவார். விடுமுறையில் யாம் சென்றிருந்த ஒரு மாலை, அன்னையார் திண்ணையிற் புளியங்கொட்டை நீக்கிக்கொண்டே நடவுப்பாட்டொன்றை முணுமுணுத்து, இடையில் அடி மறந்து நின்றார். அருகிருந்த பாட்டியார் அடுத்த அடியை எடுத்துப் பாடினார். மருமகள் பெயர் அவர் நாவில் வரவில்லை, பாட்டு வந்தது. இருவரும் சிரித்ததை நெடுநாட்குப்பின் அன்றே கண்டோம்.

கலை இந்நோயைத் தீர்க்குமென்று கூறோம். அன்றிரவும் பாட்டியார் பன்முறை எழுந்தார். அன்னையாரும் உடன் எழுந்தார். ஆகவே, பாட்டுக்கு உடனிருப்பதோடு, பேணுவார்க்கு ஓய்வளித்தலும் இளையோர் கடனாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை வற்புறுத்துகின்றது. உடனிருந்து பாடுதலைச் சட்டத்தால் வாங்கவியலாது.

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் ஏகுங்கால், நாள்தோறும் ஒரு நாழிகையேனும் முதியோர் அருகமர்ந்து, அவர் அறிந்த பாட்டொன்றைத் தொடங்குவோமாக. அந்நாழிகையில் அன்னையர் சற்றே கண்ணயர்வாராக.