கருவி சொல்லும் மூன்று மீட்டர்

நம்பிக்கை: ஜி.பி.எஸ். கைக்கருவியின் திரையில் ‘±3 மீட்டர்’ என்று இருந்தால், பிழை மூன்று மீட்டரைத் தாண்டாது.

உண்மை: அது யாரும் அளந்து பார்த்த பிழையல்ல. தன் பிழை எவ்வளவு இருக்கும் என்று கருவி தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. ஆண்ட்ராய்டு கைபேசி காட்டும் துல்லிய வட்டத்துக்குள் நாம் இருப்பதற்கான வாய்ப்பு 68 விழுக்காடு என்றுதான் அதன் வரையறையே சொல்கிறது. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை நாம் வட்டத்துக்கு வெளியே நிற்கிறோம். ஏரியின் எல்லையைக் குறிக்கப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. அட்சரேகையில் எட்டுத் தசம இலக்கம் தெரிகிறதே என்றும் மயங்க வேண்டாம். ஐந்தாவது இலக்கமே சுமார் ஒரு மீட்டர். எட்டாவது ஒரு மில்லிமீட்டர். அதை அளக்கும் திறன் இந்தக் கருவிக்குக் கிடையாது.

நம்பிக்கை: ஒரே இடத்தில் பத்து நிமிடம் வைத்துச் சராசரி எடுத்தால் போதும்.

உண்மை: நல்ல வரைபடங்களையும் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். புள்ளிகள் நெருக்கமாக விழுந்ததும் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் நெருக்கமாக விழுவது வேறு, சரியான இடத்தில் விழுவது வேறு. சுவரில் பட்டுத் தெறித்து வரும் அலையும், அயனி மண்டலத்தில் ஏற்படும் தாமதமும் பத்து நிமிடத்தில் பெரிதாக மாறிவிடாது. அதனால் புள்ளிகள் எல்லாமே சேர்ந்து ஒரே பக்கம் தள்ளிப் போய்விடும். நம் தென்கோடியில் அயனி மண்டலத்தின் தொல்லை இன்னும் அதிகம். புவியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்த காரணமும் அதுவே. பிற்பகலில் அங்கே அயனி மண்டலம் நன்றாக அடர்ந்திருக்கும்.

ஆகவே, கருவியைச் சோதிக்க, டோட்டல் ஸ்டேஷன் போன்ற மேலான கருவியால் ஏற்கெனவே அளந்து வைத்த புள்ளிகளில் போய் நில்லுங்கள். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, வேறொரு நாளில் இன்னொரு முறை. வேலை தென்னந்தோப்பில் என்றால் சோதனையும் தோப்புக்குள்ளேயே நடக்கட்டும். வெட்டவெளியில் கிடைத்த முடிவு அங்கே செல்லாது. ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்திச் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுங்கள். கருவியின் பிழையைச் சொல்லும் எண் அதுதான். இந்தச் சோதனைக்கு 1998இல் வந்த அமெரிக்கத் தரநிலை குறைந்தது 20 புள்ளிகள் கேட்கிறது. கைபேசியில் தெரியும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவது சோதனையாகாது. அந்தப் படமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம்.

நம்பிக்கை: பழைய சர்வே வரைபடத்தோடு பொருந்தாவிட்டால் கருவி பழுது.

உண்மை: பழைய இந்திய வரைபடங்கள் 1830இன் எவரெஸ்ட் நீள்கோளத்தை (புவியின் வடிவத்துக்கான கணித மாதிரி) அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ்.ஸின் அடிப்படை வேறு. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேலும் விலகலாம். உயரத்திலும் இதே கதைதான். நீள்கோளத்திலிருந்து உயரம் காட்டும் கருவியோடு மெரினா மணலில் நின்றால், சுழியத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே நிற்பதாகச் சொல்லும். நம் பக்கத்தில் கடல்மட்டமே அந்தக் கணித நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது.