கொல்கத்தாவில் கோப்பு பிடிக்கும் வேலை

எம்.எஸ்.டபிள்யூ. அல்லது நர்ஸிங் முடித்து, கொல்கத்தாவில் ‘பேஷன்ட் கோஆர்டினேட்டர்’ வேலைக்குச் சேரப் போகிறீர்களா? பெரியவர்கள் வார்டில் அது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் மேசை வேலை. குழந்தைகள் பிரிவில், அதிலும் பல உறுப்புகளைத் தொடும் நோயுள்ள குழந்தைகளிடம் போனால் கதை வேறு. ஒவ்வொரு டாக்டரும் தன் பங்கைச் சரியாகச் செய்திருப்பார். ஆனாலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

தலசீமியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையைக் கற்க முடியாது. கடுமையான வகை என்றால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்திலுள்ள இரும்பு இதயம், கல்லீரல், நாளமில்லாச் சுரப்பிகள் என்று போய்ப் படியும். ஆகவே ஹெமட்டாலஜி, கார்டியாலஜி, எண்டோகிரைனாலஜி என்று மூன்று ‘அவுட்டோர்’ (ஓ.பி.க்கு இங்கே அதுதான் பெயர்), மூன்று சீட்டு. உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஏறியிருப்பது ஒரு சீட்டில் இருக்கும். இரும்பை வெளியேற்றும் மாத்திரையின் அளவு, குழந்தையின் போன வருட எடைக்குக் கணக்கிட்டபடியே இன்னொன்றில் கிடக்கும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி டாக்டர் முன்னால் வைப்பது உங்கள் வேலை. அளவைக் கூட்டுவது அவர் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டி அம்மாவிடம் மருந்து யோசனை சொல்ல ஆரம்பிக்கும் கோஆர்டினேட்டர் ஆபத்தானவர்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1967-இல் ‘மெடிக்கல் ஹோம்’ என்று பேசத் தொடங்கியபோது, நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் பதிவுகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தத்துவமெல்லாம் பின்னால் வந்தது. நீங்களும் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். முதல் பக்கத்தில் நோய், இன்றைய எடை, மருந்தும் அளவும், ஒவ்வாமை, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, அடுத்த தேதி. எந்த முடிவை எந்த டாக்டர் எடுப்பார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அந்தப் பக்கத்தின் படம் அம்மாவின் செல்போனிலும் இருக்கட்டும். காலேஜ் ஸ்ட்ரீட்டில் மழைத்தண்ணீர் தேங்கும் நாளில் காகிதத்தை நம்ப முடியாது.

பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரிய நோய் என்றால் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை; ஊர்க்காரர்கள் ‘பி.ஜி.’ என்பார்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி அது சிறப்பு மையம். உதவி 50 லட்சம் ரூபாய் வரை. தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற, பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் கோல் இந்தியா திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு வயது வரம்பு உண்டு, அதனால் பொருத்தம் பார்க்கும் ஹெச்.எல்.ஏ. பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள் மாறும், விண்ணப்பம் போகும் அன்று சரிபாருங்கள்.

அம்மா மத்திய அரசு ஊழியரா என்று கேளுங்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாட்கள் வரை உண்டு. எலும்பு நோயுள்ள குழந்தையின் தாய் தொடுத்த வழக்கில், பெண்கள் வேலையில் பங்கேற்பதைச் சலுகையாகப் பார்க்க முடியாது, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அதற்கு அவசியம் என்ற கருத்தை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறும் குடும்பங்களை நிறையப் பார்ப்பீர்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் போனதைச் சிலர் மறைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோப்பின் அந்த முதல் பக்கத்தைக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். திரும்பி வந்ததும் இரண்டு ஊர் மருந்துச் சீட்டுகளையும் அருகருகே வைத்து, இனி எது நடைமுறை என்று இங்குள்ள டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

துர்கா பூஜைக்கு முன்பே தயாராகிவிட வேண்டும். அவுட்டோர்கள் மூடும், ரத்த தான முகாம்கள் குறையும். வலிப்பு மருந்து, இரும்பை வெளியேற்றும் மாத்திரை, ரத்தத்துக்கான தேதி மூன்றையும் மகாளயத்துக்குள் முடித்துவிடுங்கள். பெற்றோரை ‘பேஷன்ட் பார்ட்டி’ என்று கூப்பிடும் வழக்கம் இங்கே உண்டு, அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். தாதா (அண்ணா), தீதி (அக்கா) என்று கூப்பிட்டால் போதும், மறைத்த விஷயமும் வெளியே வரும்.

இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்க வேண்டும், நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன்? நர்ஸிங் அல்லது குழந்தை மருத்துவப் பிரிவு என்றால் யோசிக்கலாம். மார்க்கெட்டிங் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.