மேடை ஒளியும் ஒரு கருவிப் பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நாடகம் பார்த்துத் திரும்புவோர் நடிகரைப் பற்றிப் பேசுவார்கள். வசனத்தைப் பற்றிப் பேசுவார்கள். இருட்டில் ஏணிமேல் நின்றவனைப் பற்றிப் பேசுவோர் இல்லை. அவனுடைய பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை. இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. சேர்வராயன் மலையடியில், குப்பனூரில், என் தந்தையார் மைக்செட் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஏணி பிடிப்பது எனக்குப் பள்ளிப் பருவம் முதலே பழக்கம்.

தெருக்கூத்துக்கு முன்னாளில் தீப்பந்தமே விளக்கு. பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. 1909-இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது தெரிந்து, அதிலுள்ள தோரியம் மேண்டில் செய்வதற்காக வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. நம் கடல் மணலே வலையாகித் திரும்பி வந்து நம் கர்ணனுக்கு வெளிச்சம் காட்டியது எனலாம். மேலைநாட்டு அரங்குகளில் சுண்ணாம்புக் கட்டியைச் சுடரில் காய்ச்சி ஒளி பெற்றனர். லண்டன் சவாய் அரங்கு 1881-இல் மின்விளக்குக்கு மாறியது.

மின்சாரம் வந்தபின் ஒளியே ஒரு நடிகனாயிற்று. 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்துக்கு ஒளி அமைத்த தாபஸ் சென், சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து ஏறுவதை விளக்குகளாலேயே காட்டினார். நம் தமிழ்மேடையில் ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்லி வியக்கிறார்கள்.

இனிப் பெட்டியைத் திறப்போம். கட்டிங் பிளேயர், ஸ்குரு ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், டார்ச், கலர் பேப்பர். ஸ்பேனரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். பதினைந்தடி உயரத்திலிருந்து அது விழுந்தால் கீழே நிற்பவன் தலை தாங்காது. விளக்கைக் கிளாம்பில் மாட்டியபின் தனியே ஒரு சங்கிலியும் போடுவது அதனாலேயே. கையுறை இரண்டு வகையில் உதவும்: சூட்டுக்கு ஒன்று, ஹாலஜன் பல்பைத் தொடுவதற்கு மற்றொன்று. விரலின் எண்ணெய்ப் பசை குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒட்டினால் அவ்விடம் அதிகம் சூடேறிப் பல்பே வெடித்துவிடும். டெஸ்டரை எல்லோரும் அறிவர். அது பேஸ் இருப்பதைச் சொல்லுமே தவிர, எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது.

இந்த இடத்தில்தான் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நான் பிளஸ் டூ படித்த ஆண்டு, ஆடித் திருவிழா ஒன்றில் நாடக மேடை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரும்புக் கம்பத்தில் ஏதோ ஒரு ஜாயிண்டில் டேப் நனைந்திருந்தது. கம்பத்தைப் பிடித்த அப்பா தூக்கி எறியப்பட்டார். இடக்கை முறிந்து இரண்டு மாதம் வேலை இல்லை. "பியூஸ் போட்டுத்தானே கண்ணு இருந்தது, ஏன் போகலே?" என்று அவர் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்லூரியில் ஓம் விதியைப் பயன்படுத்திக் கணக்குப் போட்டபோது தெரிந்தது. 1000 வாட் விளக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். மூன்று விளக்குக்கு 13 ஆம்பியர். எனவே 16 ஆம்பியர் பியூஸ். ஆனால் மனித உடலில் 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. பியூஸ் ஒயரைக் காப்பதற்கு வந்தது, ஆளைக் காப்பதற்கு அன்று. சரி, எர்த் கம்பி அடித்தால் போதுமா? மேடையோரத்து மண்ணில் அடித்த கம்பியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். அப்போதும் பியூஸ் உருகாது. கம்பத்தில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும்.

ஆகவே என் கணக்கில் பெட்டியின் முதற்பொருள் ஆர்.சி.சி.பி. என்னும் ட்ரிப் சுவிட்ச். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே இரும்பு வளையத்தினூடே செல்கின்றன. இரண்டும் சமமாயின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கேனும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். எர்த் கம்பியும் சேர்ந்திருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே அறும். ஜெனரேட்டரில் ஓட்டுவோர் அதன் நியூட்ரலையும் எர்த் செய்தாக வேண்டும். இல்லையேல் சுவிட்ச் வெறும் அலங்காரம். இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகள் குறைந்த வாட்டில் எரிவதால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவற்றுக்குள்ளும் வருவது அதே 230 வோல்ட்தான்.

அப்பா முதலில் ஒப்பவில்லை. "இத்தனை வருசம் இது இல்லாமத்தானே ஓட்டினேன்" என்றார். நோட்டில் போட்ட கணக்கை நான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு வகுத்தல் தெரியும். மேஸ்திரியிடம் கூலிக் கணக்குப் பார்த்துப் பழகியவர். அடுத்த மாதம் சேலத்துக்குப் போய் வந்தவர், பையிலிருந்து அந்தச் சுவிட்சையும் ஆறடி எர்த் கம்பியையும் எடுத்து வைத்தார். இப்போது மேடைக்குப் போனதும் முதலில் கம்பியை அடிக்கிறார். ஏணியை நான் எடுக்கப் போனால், "அது கெடக்குது, ஒரு குடம் தண்ணி கொண்டாந்து கம்பிகிட்ட ஊத்து கண்ணு" என்கிறார்.