பழைய ஜீப்புக்குப் புதுவாழ்வு

மலைப்பாதையாயினும் சேற்றுநிலமாயினும் தயங்காமல் ஏறிச்செல்லும் வண்டி ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கென அது பிறந்தது. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. நம் நாட்டில் 1940-களின் இறுதியில் மகேந்திரா நிறுவனத்தார் பம்பாயில் ஜீப்பைக் கோக்கத் தொடங்கினர். 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே.-3பி என்னும் உயர்ந்த முகப்புடைய வகை இங்குப் பல்லாண்டுகள் நிலைபெற்றது. குடகின் காப்பித் தோட்டங்களிலும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பாதைகளிலும் ஜீப்பை அறியாதார் இல்லை.

இத்தகைய பழைய வண்டியை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே சீர்செய்ய வேண்டும் என்னும் ஆவல் நம் மாணவ நண்பர் சிலருக்கு உண்டு. பெங்களூரில் அதற்கு வசதியும் உண்டு. ஜே.சி. சாலையில் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. சிவாஜி நகரின் குஜிரிக் கடைகளில் பழைய பாகங்கள் கிடைக்கும். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்னும் ஒழுங்கு தெரியவேண்டும். அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஏடு முந்தியது

வண்டியைப் பார்க்குமுன் அதன் பதிவு ஏட்டைப் பாருங்கள். ஏட்டிலுள்ள சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் இரும்பில் பொறித்த எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். வேறு மாநில வண்டியாயின் அங்கிருந்து தடையின்மைச் சான்றும் தேவை. இவை இல்லாத வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவு ஏட்டிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, தன் அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. அவற்றுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துடைய எண் தரப்படும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்துக்கோ ஓட்டுதல் கூடாது. ஆதலின் கைபோனபடி மாற்றாமல், உள்ளதை மீட்பதே சட்டத்துக்கும் உகந்தது.

ஓட்டுமுன் நிறுத்துக

வண்டி கைக்கு வந்ததும் எஞ்சினை முடுக்கிப் பார்க்கவே எவர்க்கும் கை துறுதுறுக்கும். அது தவறு. முதல் வேலை பிரேக்கே. பழைய ஜீப்பின் நான்கு சக்கரப் பிரேக்குகளும் ஒரே திரவக் குழாய்த் தொடரில் இணைந்தவை. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் உருளைகளின் உட்புறம் அரித்துப்போயிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள் யாவற்றையும் கழற்றிச் சோதித்து, ஐயமுள்ளவற்றை மாற்றிவிடுக. அவற்றை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஊதித் துடைக்காமல் நனைத்துத் துடைப்பதே முறை.

அடுத்தது பெட்ரோல் தொட்டி. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை இருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். காலித் தொட்டியில் அமைவது பெரும்பாலும் இக்கலவையே. தொட்டியில் ஓட்டை இருந்தால் வீட்டில் பற்றவைக்க முயலவேண்டாம். அவ்வேலை தெரிந்த பட்டறையில், உள்ளே இருந்தது பெட்ரோல் என்று சொல்லிக் கொடுங்கள். இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் கெடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே பொருத்துக.

துருவும் மின்சாரமும்

சிறு பாகங்களின் துருவை மின்பகுப்பால் நீக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச்சோடாக் கரைசலை ஊற்றி, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்துக. சில மணி நேரத்தில் துரு நெகிழ்ந்து உதிரும். நல்ல இரும்பு தேயாது. மூன்று எச்சரிக்கைகள் தேவை. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்க. நேர்முனையில் எவர்சில்வர் வைத்தால் நச்சுக் குரோமியம் கரையும். ஆகவே அது ஆகாது. வில்தகடுகளையும் உறுதிமிக்க போல்ட்டுகளையும் இம்முறையில் இடாதீர்கள். ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகை நொறுங்கச் செய்யும்.

நான்கு சக்கரங்களின் கணக்கு

சி.ஜே.-3பி வண்டியில் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8, துணைக் கியர்ப்பெட்டியின் தாழ்நிலை 2.46, அச்சின் விகிதம் 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 முறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறைந்த அளவுக்குத் திருப்புவிசை பெருகுகிறது. சிறிய எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறும் இரகசியம் இதுவே.

நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படுகின்றன. ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுதியான தொலைவு செல்லும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டை ஈடுகட்டும். தார்ச்சாலையில் வழுக்காது, முறுக்கம் முழுதும் பற்சக்கரங்கள்மீது விழும். ஆகவே தார்ச்சாலையில் இரு சக்கர இயக்கமே போதும். நான்கு டயர்களும் ஒரே அளவாக இருத்தலும் இதனாலேயே இன்றியமையாதது.

பழைய அச்சு வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நலம். 43-க்கு 8 பற்கள் கொண்ட அச்சின் விகிதம் 5.38, 39-க்கு 8 கொண்டதன் விகிதம் 4.88. முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பொருத்தினால் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று போரிடும். சோதிக்கும் வழி எளிது. வண்டி நகராதபடி மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, துணைக் கியர்ப்பெட்டியை நடுநிலையில் நிறுத்துக. இவ்வண்டியில் கைப்பிரேக் சுழல்தண்டையே பிடிப்பதால் அதனையும் விடுவிக்க வேண்டும். அந்த அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுக. அதற்குள் சுழல்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, அதுவே அச்சின் விகிதம்.

ஏடு, பிரேக், பெட்ரோல் தொட்டி, அச்சு, பின்னர் எஞ்சின், இறுதியில் வண்ணம்: இவ்வரிசை மாறாதிருந்தால் பணமும் வீணாகாது, உயிருக்கும் தீங்கு வராது. விடுமுறையில் இரண்டு மூன்று நண்பர்கள் கூடி இம்முயற்சியில் ஈடுபடுவார்களாயின், பாடநூலில் படித்த விசையும் வேதியியலும் அவர்கள் கைக்குள்ளேயே வந்து நிற்கும்.