வரி மாறியது, மொத்தம் மாறவில்லை

இணையத்தளம் மூலம் ஓடர் எடுக்கும் வர்த்தகச் சகோதரர்கள் இன்று நம்மில் பலர். தளம் செய்து தருபவரிடம், "பக்கம் முழுவதும் திரும்ப வராமல், மாறவேண்டிய இடம் மட்டும் மாறட்டும்" என்று கேட்டு வாங்குகிறோம். நல்ல வசதிதான். ஆனால் கணக்குப் பிசகுவதற்கும் அதில் வழியுண்டு.

இதற்கு அஜாக்ஸ் என்று பெயர். பெயர் வந்தது 2005இல். அதற்கான கருவி 1999இலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் இருந்தது. ஜாவாவில் தளம் அமைப்போர் பாவிக்கும் ஜே.எஸ்.எஃப். என்ற கட்டமைப்பில், 2009இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இது உள்ளேயே அமைந்துள்ளது. அக்கட்டமைப்பின் இன்றைய பெயர் ஜகார்த்தா ஃபேசஸ்.

வேலை நடக்கும் விதம், கடைப் பையனைக் களஞ்சியத்துக்கு அனுப்புவது போன்றது. கொண்டுபோகும் துண்டுகளில் எதைக் கவனிக்கவேண்டும், திரும்பி வந்து பலகையில் எந்த எண்ணை அழித்து எழுதவேண்டும் என்று இரண்டையும் சொல்லியனுப்ப வேண்டும். முதலாவதற்கு 'எக்ஸிகியூட்', இரண்டாவதற்கு 'ரெண்டர்' என்று பெயர். எதுவும் சொல்லாவிட்டால், தொட்ட கட்டத்தில் உள்ளதை மட்டும் சேர்வர் கவனிக்கும். திரையில் எதுவும் மாறாது.

ஓர் உதாரணம் பாருங்கள். சேலை ஒன்று 1,500 ரூபா. 20 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 5 சதவீதம் கழிவு. வாடிக்கையாளர் 10 என்று போட்டிருந்ததை 20 ஆக மாற்றுகிறார். அந்த வரியில் 30,000 என்று வருகிறது. சேர்வரும் கழிவு நீக்கி 28,500 என்று சரியாகவே கணக்கிட்டுவிட்டது. ஆனால் புரோகிராமர் 'ரெண்டர்' பட்டியலில் அடித்தொகையைச் சேர்க்க மறந்துவிட்டார். கீழே பழைய 15,000 அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்து அவர் உறுதி செய்கிறார். பற்றுச்சீட்டு 28,500க்குப் போகிறது. சண்டை யாருடன்? புரோகிராமருடன் அல்ல, நம்முடன்தான்.

எனவே மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் நீங்களே இருந்து நான்கு சோதனை செய்யுங்கள்.

1. எண்ணிக்கையை மாற்றுங்கள். வரி, கழிவு, மொத்தம் மூன்றும் ஒன்றாக மாறவேண்டும்.

2. தொலைபேசியின் இணைப்பை நிறுத்திவிட்டு எண்ணிக்கையை மாற்றுங்கள். பிழையைக் காட்டும்படி தனியாக எழுதாவிட்டால், பாவனைக்கு விட்ட தளம் மௌனமாக இருக்கும். பழைய தொகை சரியானது போலவே தெரியும்.

3. உறுதி செய்யும் பொத்தானை வேகமாக இருமுறை அழுத்துங்கள். ஃபேசஸ் இரண்டு கோரிக்கைகளையும் வரிசையில் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும், இரண்டாவதைத் தானாகத் தடுக்காது. தடுப்பு சேர்வரில் இருக்கவேண்டும். இல்லையேல் ஒரே ஓடர் இரண்டாகும்.

4. இரண்டு கணனிகளில் ஒரே பொருளைத் திறந்து, ஒன்றில் விற்றுவிடுங்கள். மற்றத் திரையில் பழைய இருப்பே நிற்கலாம். கேட்காதவரை அது புதிய எண்ணைக் கொண்டுவராது. ஆகவே உறுதி செய்யும் கணத்தில் இருப்பையும் விலையையும் சேர்வர் மீண்டும் பார்க்கவேண்டும்.

அளவையிலும் விலையிலும் ஒளிவுமறைவு கூடாது என்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த வியாபாரம். நாம் மறைக்காததை நமது பக்கம் மறைத்தாலும் பொறுப்பு நம்முடையதே. வேகம் பிறகு வரட்டும். திரையில் உள்ள தொகையும் பற்றுச்சீட்டில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கட்டும்.